வெள்ளை மூடிகளின் வெள்ளிக்கிழமை

குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே சாலையின் குறுக்கே பெரிய மரம் ஒன்று விழுந்து கிடந்தது. மேட்டுப்பாளையம் போகிற வண்டிகளெல்லாம் வளைவுகளில் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுவிட்டன. ரஞ்சனி ஏறியிருந்த பேருந்தின் ஓட்டுநர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அஞ்சு மணிக்கு முன்னால ஆவாதுங்க. வண்டிய கோத்தகிரிக்கே திருப்பறேன். டிக்கெட்டப் பத்திரமா வெச்சுக்கங்க, சாயங்காலம் இதே வண்டிதான்."

எல்லோரும் முணுமுணுத்தார்கள். ரஞ்சனிக்கு அது ஒரு இடைஞ்சலாகவே தோன்றவில்லை. ரயில் இரவு பத்தரைக்குத்தான். திங்கட்கிழமை காலையில் சென்னையில் விசாவுக்குக் கைரேகை வைத்தால் போதும். மடியிலிருந்த பையில் பாஸ்போர்ட் இருந்தது. நார்வேயிலிருந்து மின்னஞ்சலில் வந்த கடிதத்தின் அச்சுப்பிரதி இருந்தது. அங்கே ஒரு மாநாட்டில் அவளைப் பேச அழைத்திருந்தார்கள். பேச்சு நன்றாக அமைந்தால் இரண்டு ஆண்டுகள் அங்கேயே தங்கி ஆராய்ச்சி செய்ய இடமிருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். குளிர்காலத்தில் சூரியனே எழாத ஊர் அது. பகல் பன்னிரண்டு மணிக்கு நீல வெளிச்சம் மட்டும் கொஞ்ச நேரம் வந்து போகுமாம். அந்த நீலத்தில், கம்பளித் தொப்பியோடு, ஒரு கப்பலின் தளத்தில் தான் நிற்பதை ரஞ்சனி இத்தனை நாளில் நூறு தடவையாவது பார்த்துவிட்டாள்.

பேருந்து திரும்பி மலை ஏறியது. ஐந்து மணிவரை அறையில் தனியாக உட்கார்ந்திருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. ஜாடிகளை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தாள்.

கோத்தகிரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, மூடிப்போன சின்னத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் மாடியில் அவளுடைய ஆய்வுக்கூடம் இருந்தது. ஒரு காலத்தில் கொழுந்தைப் பரப்பி வாட்டிய மாடி. இப்போது அங்கே கடல் இருந்தது. கொச்சியிலிருந்து கேன்களில் வந்து இறங்கிய கடல்.

கடலுக்கும் இந்த மலைக்கும் என்ன சம்பந்தம் என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அரபிக்கடலில் ஐந்நூறு, அறுநூறு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் எவ்வளவு குளிராக இருக்குமோ, ஏறக்குறைய அதே குளிர்தான் மார்கழியில் இந்த மாடியில். கடற்கரையில் இருந்த ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் போய் மூன்று தடவை எல்லாம் வெந்து செத்தன. நான்காவது தடவை, ரஞ்சனியின் வழிகாட்டியான பேராசிரியர் ஆறுமுகசாமிதான், "பேசாம உங்க ஊருக்கே கொண்டு போயிருங்கம்மா" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆழத்தில் வாழ்கிற ஓர் உயிரைத்தான் ரஞ்சனி வளர்த்தாள். துடுப்புக்காலி என்று பாடப்புத்தகத்தில் பெயர். குருணை அளவு. உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே நீளவாக்கில் ஒரு பை, அதில் கொழுப்பு. உருப்பெருக்கியில் பார்த்தால், சின்னக் கண்ணாடிக் குழாயில் நல்லெண்ணெயை ஊற்றி அடைத்து வைத்ததுபோல இருக்கும். பருவமழைக் காலத்தில் கடலின் மேல்மட்டத்தில் பாசி பெருகும். அப்போது இவை மேலே வந்து தின்னும், முட்டையிடும். பருவம் முடிந்ததும் கொழுப்பைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கிவிடும். மாதக்கணக்கில் ஒன்றும் தின்னாமல் இருட்டில் மிதந்தபடி காத்திருக்கும்.

ரஞ்சனியின் கேள்வி மிகவும் எளிமையானது. தீனி வராமலே போனால், ஒரு தாய் தன்னுடைய கொழுப்பைக் கரைத்து எத்தனை நாள் முட்டையிடுவாள்?

நாற்பது ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பெண். இருபது ஜாடிகளுக்குப் பச்சை மூடி. அவற்றுக்குத் தினமும் மூன்று சொட்டுப் பாசித்தண்ணீர். இருபது ஜாடிகளுக்கு வெள்ளை மூடி. அவற்றுக்கு வடிகட்டிய கடல்நீர் மட்டும். காலை ஒன்பது மணிக்கு முட்டைகளை எண்ணுவாள். வாரத்துக்கு ஒரு முறை கொழுப்புப் பையின் நீளத்தை அளப்பாள். மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும்.

முதல் சுற்றிலேயே அது நடந்தது. வெள்ளை மூடி ஜாடிகளில் முட்டைகள் நாளுக்கு நாள் குறைந்தன. எதிர்பார்த்ததுதான். ஆனால் ஏழாம் நாளுக்குப் பிறகு இருபதில் எட்டு மட்டும் மறுபடியும் முட்டையிட ஆரம்பித்தன. கொழுப்பும் கரையவில்லை. மற்ற பன்னிரண்டும் அடியோடு நிறுத்திவிட்டன. இரண்டாம் சுற்றிலும் அதேதான். ஏழாம் நாள், ஒன்பது ஜாடிகள். பட்டினியின் ஏழாம் நாள் இந்தத் தாய்களின் உடம்பு ஏதோ ஒரு முடிவு எடுக்கிறது என்று ரஞ்சனி எழுதினாள். சிலது நிறுத்துகிறது. சிலது, எங்கிருந்தோ, இல்லாத ஒன்றிலிருந்து, பிள்ளைகளை உண்டாக்குகிறது. பேராசிரியர் அந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத யாரும் பாத்ததில்லீங்க ரஞ்சனி" என்றார். அந்த ஒரு வாக்கியந்தான் நார்வேவரை போனது.

இது மூன்றாம் சுற்று. இருபதாம் நாள். வெள்ளிக்கிழமை.

அவள் மாடியேறியபோது மணி இரண்டரை இருக்கும். கதவு திறந்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் துடைக்க, கழுவ, தண்ணீர் மாற்ற இருந்த விஜயாவைக் காணவில்லை. உருப்பெருக்கியின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. 'சித்திக்கு எத்தனை தடவ சொன்னாலும் வெளக்க அணைக்கத் தெரியாது' என்று ரஞ்சனி நினைத்துக்கொண்டாள்.

விஜயா அவளுடைய அம்மாவின் தங்கை. ஆய்வுக்கூடத்தில் அது யாருக்கும் தெரியாது. சொந்தக்காரர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்று நிறுவனத்தில் விதி இருந்தது. அதனால் மற்றவர்கள் முன்னால் ரஞ்சனி அவளை "விஜயாம்மா" என்பாள். கொச்சியிலிருந்து ஆட்கள் வந்தபோது "எங்க அட்டெண்டர்" என்றாள். விஜயா அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே அவர்களுக்கு டீ கொடுத்தாள்.

மேடைமேல் ஒரு வெள்ளை மூடி தனியாகக் கிடந்தது. பதினான்காம் நம்பர் ஜாடியின் மூடி. அந்த ஜாடியின் துடுப்புக்காலி உருப்பெருக்கியின் கண்ணாடித் தட்டிலேயே கிடந்தது. ரஞ்சனி பையைக் கழற்றாமலே குனிந்து பார்த்தாள்.

உடம்பின் நடுவே, வாயிலிருந்து வால்வரை, பச்சை நூல் ஒன்று ஓடியது.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அழகாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. பிறகுதான் அது குடல் என்பதும், குடலில் பாசி இருக்கிறது என்பதும், இருபது நாளாக எதையும் தின்னாத ஒன்றின் குடலில் பாசி இருக்க முடியாது என்பதும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. தின்ற பாசி ஒரு மணி நேரத்தில் குடலைத் தாண்டிப் போய்விடும். காலை ஒன்பது மணிக்குப் பார்க்கிறவளுக்கு அந்த நூல் தெரியாது. இரண்டரை மணிக்கு அவள் ஒரு நாளும் இங்கே இருந்ததில்லை. மாடியில் இணையம் கிடைக்காது என்று மதியமே ஊருக்குள் இருந்த தன் அறைக்குப் போய்விடுவாள்.

அவள் பையை இறக்கி வைத்தாள். வெள்ளை மூடி ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்பதில் பச்சை நூல் இருந்தது. பதினொன்றில் இல்லை. அந்த ஒன்பதும் எவை என்று நோட்டைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். முட்டையிடுகிற ஒன்பது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னாடி தொரசாணி, கப்பலு கெளம்பலியா?" விஜயா ஒரு கையில் டீ ஃபிளாஸ்கும் இன்னொரு கையில் வர்க்கி பிஸ்கட் பொட்டலமுமாக வந்தாள். ஐம்பத்தாறு வயது. தலைக்குக் கட்டிய மஃப்ளரை வீட்டிலும் அவிழ்க்க மாட்டாள். "மரம் விழுந்திருச்சாமே? நல்லதாப் போச்சு, ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போவே."

ரஞ்சனி நிமிரவில்லை. "சித்தி, பதினாலாம் நம்பருக்கு என்ன போட்டே?"

"பதினாலாங் காம்பராவுக்கா?" ஜாடிகளைக் காம்பரா என்றுதான் விஜயா சொல்வாள். அவள் சின்ன வயதில் இருந்த இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிற ஒற்றை அறைக்கு அந்தப் பெயர். "தண்ணி மாத்துனேன். வேறென்ன?"

"தண்ணி பச்சையா இருக்காது."

விஜயா ஃபிளாஸ்கைத் திறந்து இரண்டு டம்ளரில் ஊற்றினாள். ஒன்றை மேசையில் ரஞ்சனி பக்கம் நகர்த்தினாள்.

"டீ ஆறுது."

"சித்தி."

"போட்டேன். மூணு சொட்டு. நீ பச்ச மூடிக்குப் போடறாப்புலதான், கூடவும் இல்ல கொறையவும் இல்ல."

"எப்ப இருந்து?"

விஜயா வர்க்கிப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்ப இருந்துன்னு கேட்டேன்."

"மொதச் சுத்துல இருந்தேதான். சனிக்கெழம."

சனிக்கிழமை. ரஞ்சனி ஒவ்வொரு சுற்றையும் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தாள். சனிக்கிழமை ஏழாம் நாள்.

"நான் கேட்டேன்ல? மொதச் சுத்து முடிஞ்சப்ப ஒன்ன நிக்க வெச்சுக் கேட்டேன்ல? வெள்ள மூடிக்கு எதுவும் போடலியேன்னு. நீ என்ன சொன்னே? 'நான் ஏண்டி போடறேன், எனக்கென்ன வேல இல்லியா'ன்னு சொன்னே. மூஞ்சியப் பாத்துச் சொன்னே."

"சொன்னேன்."

"அடியில கெடந்த எச்சத்தயெல்லாம் உறிஞ்சி எடுத்தே. எனக்குத் தெரியக்கூடாதுன்னு."

"தெனமும் உறிஞ்சணும்னு நீதான சொன்னே. அது என் வேல." விஜயாவின் குரல் கொஞ்சம் ஏறியது. "ஒளிக்கணும்னு செய்யல. ஆனா ஒளிஞ்சிருச்சு."

"ஏன்? ஏன் சித்தி? ஏன் அந்த ஒம்போதுக்கு மட்டும்?"

விஜயா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், இது கூடவா தெரியாது என்பதுபோல.

"அதுகதான புள்ளத்தாச்சி."

உருப்பெருக்கியில் பார்க்க ரஞ்சனியேதான் கற்றுக்கொடுத்திருந்தாள். 'வயித்துல கருப்பு வரிசையாத் தெரிஞ்சா முட்டை இருக்குன்னு அர்த்தம் சித்தி' என்று, பெருமையோடு, தோளைப் பிடித்துக் குனிய வைத்துக் காட்டியிருந்தாள். அன்று விஜயா லென்ஸை விட்டு எழவே மாட்டேன் என்றாள்.

"எழுவத்தி நாலுல எங்களுக்குக் கூப்பனுக்குக் குடுத்த ரேசன் மாவு நின்னு போச்சு," என்றாள் விஜயா. கதை சொல்கிற குரல் இல்லை, சண்டை போடுகிற குரல். "எங்க லயத்துல இருவது காம்பரா. புள்ளத்தாச்சி இருக்கிற காம்பராவுல இருந்து தட்டு வந்தா இல்லேன்னு சொல்லக்கூடாது. இருக்கிறது ஒரு பிடி மாவுன்னாலும் அதுல பாதி போடணும். அது தோட்டத்துக் கட்டுப்பாடு. அப்ப எங்கம்மா வயித்துல உன் மாமன் செல்லையா. எனக்கு ஆறு வயசு. நான்தான் தட்டத் தூக்கிக்கிட்டுக் காம்பரா காம்பராவாப் போனேன். அந்த வருசம் அந்த லயத்துல தொட்டில் கட்டுனது ஒரே ஒரு வீட்ல. எங்க வீட்ல. சோறு இல்லேன்னா பொம்பளைக்குப் புள்ள தங்காதுன்னு கண்டுபிடிக்க, இதுகளப் போட்டுப் பட்டினி போடணுமா? என்னக் கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேன்."

"அது மனுசங்க! இது பரிசோதனை!"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. வயிறு தெரிஞ்சுது."

"அப்ப எங்கிட்டச் சொல்லியிருக்கணும். 'எனக்கு மனசு கேக்கல, நான் வேலைக்கு வரல'ன்னு சொல்லியிருக்கணும். வேற ஆளப் போட்டிருப்பேன்."

"கேட்டேனே," என்றாள் விஜயா. "மொத நாளே கேட்டேன். இதுகளுக்கு எப்பச் சோறுன்னு. நீ என்ன சொன்னே?"

ரஞ்சனி எண்ணிக்கை நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"வெள்ளிக்கெழம குடுப்போம் சித்தின்னு சொன்னே. நானும் வெள்ளிக்கெழம வரைக்கும் பாத்தேன். நீ போடல. அடுத்த வெள்ளின்னே. அதுக்கும் போடல. ரெண்டாஞ் சுத்துலயும் கேட்டேன், அப்பவும் வெள்ளின்னே. ஒவ்வொரு தடவயும் வெள்ளிக்கெழம சாயங்காலம் வரைக்கும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன்டி, நீ போடுவியோன்னு."

அப்படிச் சொன்னது ரஞ்சனிக்கு நினைவு வந்தது. காலையில் எண்ணிக்கொண்டிருக்கும்போது, கணக்குத் தப்பிவிடக்கூடாதே என்ற அவசரத்தில், வாயை அடைக்கச் சொன்னது. சொன்ன மறுநிமிடம் மறந்துபோனது. பட்டினி கிடக்கிறவர்களுக்குக் குறித்துக் கொடுக்கிற நாள் என்பது ஒரு சின்ன விஷயம் இல்லை என்று அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை.

ஆனால் இப்போது அவளுக்கு விஜயாவின் நியாயம் வேண்டியிருக்கவில்லை. அவள் மனதில் வேறொரு நாள் வந்து நின்றது. நார்வேக் கடிதம் வந்த நாள். அவள் இதே மேசைக்கு விஜயாவை இழுத்து வந்து, வரைபடத்தைக் காட்டி, 'பாரு சித்தி, ஏழாம் நாளு, இங்க ஏறுது பாரு' என்று குதித்தாள். விஜயா அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். அன்று மாலை வீட்டில் பால் பாயசம் வைத்தாள்.

"அன்னிக்குக்கூட நீ சொல்லல," என்றாள் ரஞ்சனி. "பாயசம் வெச்சே."

"நீ சிரிச்சே," என்றாள் விஜயா. "உங்கம்மா போயி ரெண்டு வருசத்துல அன்னிக்குத்தான் நீ வாய்விட்டுச் சிரிச்சே. நான் என்னான்னு சொல்ல?"

ரஞ்சனி எழுந்து படிக்கட்டு ஜன்னலுக்குப் போனாள். அங்கே மட்டும்தான் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும். கீழே தேயிலைச் சரிவில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.

"ஏம்மா ரஞ்சனி, இன்னும் கெளம்பலீங்களா?" என்றார் பேராசிரியர் ஆறுமுகசாமி. கோயம்புத்தூர்க்காரர். மாணவர்களிடம்கூட மரியாதை குறையாமல் பேசுகிறவர். அவள் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இந்த மூணாவது சுத்துல நடந்தது உங்களுக்குக் கண்ணால தெரியும்," என்றார். "மொத ரெண்டு சுத்துலயும் நடந்ததுன்னு எப்படித் தெரியும்?"

"அவங்களே சொன்னாங்க சார்."

"பயத்துல ஒளறியிருக்கலாமுங்க. படிக்காத ஆளு. ஒண்ணு பண்ணுங்க. இந்தத் தடவ மட்டுந்தான் போட்டேன்னு அந்தம்மாகிட்ட எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக்குங்க. மூணாவது சுத்தக் கழிச்சுப்போட்டுருவோம். அந்தம்மாவ வேலைய விட்டு எடுத்தர்லாம். ரெண்டு சுத்து போதும், பேசறதுக்கு." மெதுவாகச் சொன்னார். "பத்து வருசமா இந்தக் குட்டிப் பூச்சிகளக் கட்டிட்டு அழுதுட்டு இருக்கறனுங்க. ஒருத்தரும் திரும்பிப் பாத்ததில்ல. ரோசன பண்ணிப் பாருங்க. உங்க ரயிலு பத்தரைக்குத்தானே?"

அவள் திரும்பியபோது விஜயா கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். பேராசிரியரின் குரல் பெரியது. அந்தக் காலி மாடியில் எல்லாம் கேட்டிருக்கும்.

"எழுது," என்றாள் விஜயா.

"என்ன?"

"அவரு சொன்னத எழுது. இந்தத் தடவ மட்டுந்தான்னு எழுது. நான் கையெழுத்துப் போடறேன். எனக்கென்ன, கொழுந்து பறிக்கப் போனா வேல குடுக்க மாட்டாங்களா? நீ போ. பஸ்ஸு அஞ்சு மணிக்கு."

ரஞ்சனி மேசைக்கு வந்து, எண்ணிக்கை நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். எழுதும்போது அவளுக்கு ஒரு கொடூரமான நிம்மதி இருந்தது. அவளுடைய கோபத்துக்கு வேண்டியதும் அவளுடைய பயணத்துக்கு வேண்டியதும் ஒரே தாளில் அடங்கியது. நான்கு வரிதான். விஜயா படித்துப் பார்க்கவில்லை. பேனாவை முழுக்கையால் பிடித்து, வி, ஜ, யா என்று மூன்று எழுத்தையும் தனித்தனியாகப் போட்டாள். போட்டுவிட்டு, "நல்லா விழுந்திருக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் ரஞ்சனிக்குத் தாங்கவில்லை.

இவ்வளவு சுலபமாகவா? அன்றைக்கு அந்தப் பொய், இன்றைக்கு இந்தப் பொய், இரண்டுக்கும் நடுவில் ஒரு டம்ளர் டீ. இனி இந்த முகம் எதைச் சொன்னாலும் அதில் எது உண்மை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாயசம்கூட இப்போது பழைய பாயசமாக இல்லை. அம்மா இறந்தபோது மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்ததும், இரவில் கதவைத் தட்டி 'சாப்ட்டியா' என்று கேட்டதும் ஒவ்வொன்றாக அவளுக்கு முன்னால் வந்து, தன்னைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி நின்றன.

அவள் தாளை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தாள். பையை மாட்டிக்கொண்டாள். பிறகு, தான் பேசப்போகிற உரையின் முதல் பக்கம் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அந்த வரைபடம். நீலக் கோடு இறங்கி இறங்கி வந்து, ஏழாம் நாளில் ஒரு சின்ன மூச்சு எடுத்து, மேலே ஏறியது.

ஆழ்கடலில் ஒரு தாய் எடுக்கும் முடிவு என்று அதன் கீழே எழுதியிருந்தாள். எந்தக் கடலிலும் அப்படி எந்தத் தாயும் எந்த முடிவும் எடுக்கவில்லை. அது கோத்தகிரியின் சனிக்கிழமை. நீல வெளிச்சம் வருகிற அந்த ஊரில், எத்தனை பேர் கைதட்டினாலும், திரையில் விழப்போவது இந்த மாடியின் சனிக்கிழமைதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் மஃப்ளர் கட்டிய தலை ஒன்று ஜாடிமேல் குனிந்து மூன்று சொட்டு விடுவது அவளுக்கு மட்டும் தெரியும். இரண்டு வருடம், அதற்குப் பிறகும்.

பையைக் கழற்றினாள். பாஸ்போர்ட்டிலிருந்து தாளை எடுத்து விஜயாவின் முன்னால் வைத்தாள்.

"இத நீயே வெச்சுக்க. கொழுந்துக்குப் போனாலும் போகாட்டியும், எனக்காக இன்னொரு பொய்ய நீ சொல்ல வேண்டாம்."

"உனக்காகத்தானடி..."

"அதான் வேண்டாம்னேன்."

ஜன்னலில் நின்று பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினாள். மாநாட்டு முகவரிக்கும் சேர்த்தே அனுப்பினாள். எழுதிய பிறகு யாரும் தன்னைத் தடுத்துவிடக்கூடாது என்று பயந்தாள். மூன்று சுற்றுகளிலும், ஏழாம் நாளிலிருந்து, முட்டை தாங்கிய பெண்களுக்கு மட்டும் தீனி கொடுக்கப்பட்டிருக்கிறது. ஏழாம் நாளில் நாங்கள் கண்டதாகச் சொன்னது எதுவும் உண்மையில்லை. தீனி கொடுத்தவர் எங்கள் பணியாளர். அவர் என் சித்தி. அதை நான் நிறுவனத்திடம் மறைத்துவிட்டேன். அவருக்குத் தவறான தகவல் கொடுத்ததும் நான்தான்.

கடைசி வரியை ஒரு தடவை அழித்தாள். மறுபடி எழுதி அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் கைபேசி அடித்தது. பேராசிரியரின் பெயர். அடித்து அடித்து ஓய்ந்தது. கீழே சாலையில் பேருந்து ஒன்று வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கிப் போனது. வழி விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

"சாவியக் குடு," என்றாள் ரஞ்சனி.

விஜயா இடுப்பில் செருகியிருந்த ஆய்வுக்கூடத்துச் சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். வர்க்கிப் பொட்டலத்தை மறுபடி கட்டி ஃபிளாஸ்க் பக்கத்தில் வைத்தாள். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். கதவுவரை போனாள். வெளியே போகவில்லை.

இனி அந்த வெள்ளை மூடிகளுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கதவைப் பூட்டலாம். ரஞ்சனி அவற்றின் முன்னால் நின்றாள். பச்சை நூல் இல்லாத பதினொன்று. வயிற்றில் கருப்பு இல்லாததால் விஜயாவும் போடாமல், வெள்ளை மூடி என்பதால் அவளும் போடாமல், இருபது நாள் இருந்தவை. கொழுப்புப் பை நூலாகச் சுருங்கியிருந்தது. சிலது அசையவில்லை. சிலது, ஜாடியைத் தொட்டதும், ஒரு துடிப்புத் துடித்தது.

அவள் பாசித்தண்ணீர்ப் புட்டியைக் குலுக்கினாள். சொட்டுக்குழலை எடுத்தாள். முதல் ஜாடி. மூன்று சொட்டு. பச்சை, தண்ணீருக்குள் புகைபோல இறங்கி விரிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

"அந்தப் பதினாறாங் காம்பராவுக்குக் கொஞ்சம் கூடப் போடு," என்றாள் விஜயா கதவருகிலிருந்து. "அது நேத்தே தொவண்டு போச்சு."

ரஞ்சனி திரும்பவில்லை. பதினாறாவது ஜாடியின் மூடியைத் திறந்தாள். உள்ளே அது பக்கவாட்டில் சாய்ந்து, அடியில் கிடந்தது. குழலை அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

மூடியைப் போட்டுவிட்டுப் பதினேழாவதை எடுத்தாள்.